அப்பாவா, வாத்தியாரா?

வணக்கம். பிள்ளையை அரசுப் பள்ளிக்கு அனுப்புவதா, வீட்டிலேயே வைத்துப் படிக்க வைப்பதா என்பதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் கல்வியாளன் இல்லை. மகளை இரண்டு வருடம் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு மறுபடி பள்ளியில் சேர்த்தவன். முதலில் ஒரு தரப்பிடமும் அப்புறம் மறு தரப்பிடமும் திட்டு வாங்கியவன். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

அப்போது அவளுக்கு ஏழு வயது. தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் ஒரே புகார்: "இன்னைக்கும் சும்மாவே உட்கார்ந்திருந்தேன்." கொடுத்த கணக்கைப் பத்து நிமிடத்தில் போட்டுவிடுவாள். மற்றவர்கள் முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ஆசிரியையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நாற்பது பிள்ளைகள், ஒரே ஆள்; அவரும்தான் என்ன செய்வார்?

அந்தச் சமயத்தில் பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1984இல் எழுதிய ஒரு கட்டுரையைப் பற்றிப் படித்தேன். தனியாக ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால், சராசரி மாணவர்கூட வழக்கமான வகுப்பில் படிக்கிற 98 சதவீதம் பேரை முந்திவிடுவார் என்கிறது அது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. பிற்பாடு வந்த ஆய்வுகள் தனிக்கவனத்துக்குப் பலன் உண்டு என்றாலும் அவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டவில்லை என்பது அப்போது தெரியாது. இன்னொன்றையும் நான் யோசிக்கவில்லை. புளூமின் ஆய்வில் சொல்லிக்கொடுத்தவர் பிள்ளையின் அப்பா கிடையாது.

முதல் வருடம் நன்றாகவே போனது. பள்ளியில் ஒரு நாள் முழுக்க நடக்கிற பாடம் வீட்டில் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். வரிசையில் நிற்பது, வருகைப்பதிவு, அமைதியாக இருக்கச் சொல்லிக் கத்துவது எல்லாம் கழிந்துவிடுகிறதே. மீதி நேரத்தில் பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்துப் போட்டாள், எறும்புப் புற்றுக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் படுத்துக் கிடந்தாள். வீட்டில் வைத்திருக்கிற பெற்றோர் சொல்லிப் பூரிக்கிற அத்தனையும் நடந்தது. பொய்யில்லை.

இரண்டாம் வருடம் பின்னம் வந்தது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். ஐந்தில் இரண்டு என்று எழுதினாள். மேலே உள்ளதை மேலே, கீழே உள்ளதைக் கீழே கூட்டியிருக்கிறாள். விளக்கினேன். மறுபடி ஐந்தில் இரண்டு. காகிதத்தை வெட்டிக் காட்டினேன். "அரையைவிடக் குறைஞ்சுபோச்சே, கூட்டினா குறையுமா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, திரும்பவும் ஐந்தில் இரண்டு. என் குரல் உயர்ந்துவிட்டது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"இப்ப நீங்க அப்பாவா, வாத்தியாரா?"

"ஏன் கேக்குற?"

"வாத்தியார்னா, அப்பாகிட்ட போய்ச் சொல்லணும்."

அன்றைக்குப் பாடத்தை அத்தோடு மூடிவிட்டேன்.

தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் பள்ளிக்கே போகாதவர். அப்பாதான் ஆசிரியர். மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் லத்தீன். தன் வயதுக்காரர்களைவிடக் கால் நூற்றாண்டு முன்னாலேயே தொடங்கிவிட்டதாகப் பிறகு அவரே எழுதினார். அதே தன்வரலாற்றில், மற்றப் பையன்களோடு அதிகம் பழகவிடவில்லை, அப்பாவிடம் கனிவு குறைவு என்பதையும், இருபது வயதில் எதிலும் பிடிப்பில்லாமல் மனம் சோர்ந்துபோனதையும் மறைக்காமல் சொல்கிறார். வீட்டுக்கல்விக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள், எதிர்க்கிறவர்கள் இரண்டாம் பாதியில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

சரி, "பழக ஆள் வேண்டாமா?" என்று எல்லோரும் கேட்பார்கள். என்னைக் கேட்டால், இதற்குத் தேவைக்கு மேல் கவலைப்படுகிறோம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள், விளையாட்டு, பாட்டு வகுப்பு என்று ஆள் கிடைத்துவிடும். என்ன, அவர்கள் எல்லோரும் நாம் பார்த்துப் பொறுக்கியவர்கள். பள்ளியில் பக்கத்து இருக்கையில் யார் என்பது நம் கையில் இல்லை. பிடிக்காத ஒருத்தியோடு ஒரு வருடம் ஒரே பெஞ்சில் ஓட்ட வேண்டும். அதை வீட்டில் என்னால் ஏற்பாடு செய்ய முடியவில்லை.

அதைவிட எனக்கு உறைத்தது வேறு. திரும்பப் பள்ளியில் சேர்த்த மூன்றாவது வாரம் வகுப்பாசிரியை கூப்பிட்டனுப்பினார். "கரும்பலகையைப் பாக்கும்போது கண்ணைச் சுருக்குறா, பக்கத்துப் பிள்ளையைப் பாத்து எழுதுறா. கண்ணைக் காட்டுங்க" என்றார். காட்டினோம். கிட்டப்பார்வை. பக்கத்தில் உள்ளது தெளிவாகத் தெரியும், தூரத்தில் உள்ளதுதான் மங்கும். வீட்டுப் பாடத்தில் தூரம் ஏது? புத்தகம், நோட்டு, என் முகம், எல்லாமே கை எட்டும் தொலைவில்தான். இரண்டு வருடம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் எனக்குத் தெரியவில்லை. மூன்றே வாரத்தில் அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. பள்ளி என்பது பாடம் மட்டும் நடத்துகிற இடம் என்று அதுவரை நினைத்திருந்தேன். பெற்றோர் அல்லாத ஒரு பெரியவர் தினமும் நம் பிள்ளையைப் பார்க்கிறார் என்பதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் வீட்டுக்கல்விக்குப் பொதுவாக அனுமதி இல்லை. பெற்றோர் சிலர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போயும் 2006இல் வழக்கு நிற்கவில்லை. இங்கிலாந்தின் 1996ஆம் வருடக் கல்விச் சட்டம், பிள்ளை பள்ளியிலோ வேறு வகையிலோ கல்வி பெற வேண்டும் என்கிறது. அந்த 'வேறு வகை'தான் வீட்டுக்கல்விக்கு வாசல். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் செய்யலாம், ஆனால் ஒரு மாநிலத்தில் தகவல்கூடச் சொல்ல வேண்டாம், இன்னொன்றில் வருடா வருடம் மதிப்பீடு காட்ட வேண்டும். எங்கே இருந்தாலும், பள்ளியிலிருந்து பெயரை எடுப்பதற்கு முன்பே திரும்பிச் சேர என்ன வழி, எந்தச் சான்றிதழ், எந்தத் தேர்வு என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்காமல் போய், சேர்க்கையின்போது இரண்டு மாதம் அலைந்தேன்.

வீட்டில் படித்த பிள்ளைகள் தேர்வுகளில் அதிக மதிப்பெண் வாங்குவதாகச் சில ஆய்வுகள் உண்டு. அவற்றில் பலவற்றில் கலந்துகொண்டவர்கள் தாங்களாக முன்வந்த குடும்பங்கள். நன்றாகப் போகாத வீட்டுக்காரர் எதற்குக் கை தூக்கப்போகிறார்? பின்னக் கணக்கோடு மல்லுக்கட்டிய அந்த வாரத்தில் என்னிடம் யாராவது படிவத்தை நீட்டியிருந்தால் நிரப்பியிருக்க மாட்டேன்.

2020இல் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் பள்ளிகள் மூடி, பிள்ளைகள் வீட்டில் அடைந்தபோது, "அதான் பாத்தோமே ஹோம்ஸ்கூலிங்" என்று பலரும் சொன்னார்கள். அது பள்ளியைக் கொண்டுவந்து திரையில் மாட்டியது. அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களிடம் பள்ளி நல்லதா கெட்டதா என்று நான் பேசுவதில்லை. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு உங்கள் வீட்டில் பிள்ளையோடு உட்காரப்போவது யார் என்றுதான் கேட்பேன். "நாங்க ரெண்டு பேரும்" என்று பதில் வந்தால் மறுபடியும் கேட்பேன். அநேகமாக அது அம்மாவாக இருக்கும். அவருடைய வேலை, தூக்கம், பொறுமை எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் மறைந்துகிடக்கும். எங்கள் வீட்டில் நான் உட்கார்ந்தேன். வீட்டிலிருந்தபடி செய்கிற வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன், வருமானமும் பாதியானது.

அப்புறம், ஒரு வருடத்துக்கு மட்டும் முடிவெடுங்கள். வாழ்நாள் முழுமைக்கும் என்று நினைப்பதால்தான் வீட்டில் சண்டை வருகிறது.

மகள் இப்போது ஏழாம் வகுப்பு. கண்ணாடி போட்டிருக்கிறாள், இன்னமும் சும்மா உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறாள். ஆனால் பள்ளியை விடமாட்டாளாம். பையனுக்கு இப்போது ஏழு வயது ஆகிறது. பள்ளிச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். போன வாரம் நானும் மனைவியும் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது குறுக்கே வந்தவள் மகள்தான்: "அவனை வீட்ல வெச்சா, பின்னம் மட்டும் நான் சொல்லிக்கொடுக்குறேன்."

வணக்கம்.