பழைய லப்டொப்பில் எந்த லினக்ஸ்? மூன்று முறை போட்டு அழித்த தம்பிக்கு

அடுத்த கேள்வி வெள்ளவத்தையில் இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். வாசிக்கிறேன்: "அண்ணா, என்னிடம் இருப்பது ஆறாம் தலைமுறை ஐ5 லப்டொப், 8 ஜிபி ராம். விண்டோஸ் 11 ஏறாது என்கிறார்கள். இரண்டு மாதத்தில் உபுண்டு, மின்ட், பெடோரா மூன்றையும் போட்டு அழித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று சரிவராமல் விண்டோஸ் 10க்கே திரும்புகிறேன். சும்மா கிடைப்பதை நம்பி வேலை செய்யலாமா என்று அப்பாவும் கேட்கிறார். எனக்குப் பொருத்தமானது எது?"

தம்பி, முதலில் ஒன்று. உங்கள் லப்டொப்புக்கு ஒரு குறையும் இல்லை. விண்டோஸ் 11 இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு மேல்தான் கேட்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும் என்கிறது. அதனால்தான் ஏறவில்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 அக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்தது. அதற்காக ஓடுகிற மெஷினைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. விண்டோஸுக்குப் பதிலாகச் சும்மா கிடைக்கிற இயங்குதளம்தான் லினக்ஸ், நீங்கள் போட்டு அழித்த மூன்றும் அதன் வகைகள். கொழும்பில் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கிற யூனிட்டி பிளாசா பக்கம் போய்ப் புது லப்டொப்பின் விலை கேட்டவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

பொருத்தம் எது என்று கேட்டீர்கள். நீங்கள் தாலியைக் கட்டிவிட்டுப் பொருத்தம் பார்க்கிறீர்கள். மூன்று தடவையும் நடந்தது அதுதான். லினக்ஸைப் பார்ப்பதற்கு அதை இன்ஸ்டோல் செய்யவே வேண்டாம். பென் டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்க்கலாம். லைவ் என்று சொல்வது இதைத்தான்.

32 ஜிபி பென் டிரைவ் ஒன்று எடுங்கள். அதில் இருப்பதை எல்லாம் வேறு இடத்தில் கொப்பி செய்து வையுங்கள், ஏனென்றால் அது அழியும். பிறகு வென்டோய் என்ற சின்ன மென்பொருளை விண்டோஸிலேயே இறக்கி, பென் டிரைவில் ஒரு தடவை போடுங்கள். அதற்குப் பிறகு மின்ட், உபுண்டு எதுவானாலும், இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது முழு லினக்ஸும் அடங்கிய ஒற்றைக் கோப்பை, பாட்டு கொப்பி செய்கிற மாதிரி அந்தப் பென் டிரைவுக்குள் போட்டால் போதும். மின்ட் மட்டும் மூன்று ஜிபி அளவில் வரும், நைட் டேட்டா இருந்தால் இரவில் இறக்குங்கள். அப்புறம் லப்டொப்பை அணைத்து, பென் டிரைவைச் செருகி, ஒன் செய்தவுடன் எப்12ஐத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ என்றால் எப்12, எச்பி என்றால் எப்9. போட்டு வைத்த லினக்ஸ்கள் பட்டியலாக வரும். ஒன்றைத் தெரிவு செய்தால் டெஸ்க்டொப் திறக்கும். அங்கே இன்ஸ்டோல் என்று ஒரு ஐகன் இருக்கும். அதைத் தொடாத வரை, ஹார்ட் டிஸ்க்கில் உள்ள கோப்புகளை நீங்களாகத் திறந்து மாற்றாத வரை, அதில் ஒன்றும் மாறாது. அணைத்தால் பழையபடி விண்டோஸ். பென் டிரைவில் ஓடும்போது மெதுவாகத்தான் இருக்கும், அந்த வேகத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

சரி, அதில் எதைப் பார்ப்பது? வோல்பேப்பரை அல்ல. நீங்கள் தினமும் செய்கிற வேலையை. வைபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா, பிரிண்டர் அடிக்கிறதா. வைபை வராவிட்டால் போனை யூஎஸ்பி வயரில் செருகி டெதரிங் போடுங்கள், அதாவது போனின் டேட்டாவை லப்டொப்புக்குக் கொடுங்கள், இன்டர்நெட் வந்துவிடும். பிறகு வைபைக்கான டிரைவரைத் தேடலாம். உள்ளே இருக்கும் சி டிரைவைத் திறக்க முடியவில்லை, அல்லது எழுத முடியவில்லை என்றால் பயப்பட வேண்டாம். விண்டோஸ் வேகமாகத் திறப்பதற்காக முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் கிடக்கும். விண்டோஸுக்குப் போய், ஷிப்டைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுத்துவிட்டு வாருங்கள்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பெரிய தடை பாமினி என்ற பழைய எழுத்துரு. நம்முடைய அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் கிடக்கிற பழைய வேர்ட் கோப்புகள் எத்தனையோ பாமினியில்தான் இருக்கின்றன. லினக்ஸில் அதைத் திறந்ததும் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் கடைசியில் ஒரு அரைப்புள்ளியுமாகத் தெரியும். "கோப்பு பழுதாகிவிட்டது, லினக்ஸ் சரிவராது" என்று அங்கேயே விட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோப்பு பழுதாகவில்லை. பாமினி, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு முறை அல்ல, ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துரு. விண்டோஸில் இருக்கிற அதே பாமினி எழுத்துருக் கோப்பைக் கொண்டுவந்து, இரட்டைக் கிளிக் செய்து இன்ஸ்டோல் கொடுத்து, லினக்ஸில் வேர்ட் கோப்பைத் திறக்கிற லிப்ரே ஒபிஸை மூடித் திறந்தால் தமிழ் வந்துவிடும். புதிதாக எழுதுவதற்கு ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்கள் இரண்டையும் போட்டால் ரெங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கும், தமிழ்99உம் கிடைக்கும். பாமினியில் விரல் பழகியவருக்கு ரெங்கநாதன் கைக்கு இலகுவாக வரும்.

இப்போது பெயர்களுக்கு வருவோம். உபுண்டு, மின்ட், பெடோரா என்று பெயர் மாறினாலும் அடியில் ஓடுவது 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அதே லினக்ஸ் கேர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிதான். மின்ட் உபுண்டுவின் மேலேயே கட்டப்பட்டது. உங்கள் கண்ணுக்கு வித்தியாசமாகத் தெரிவது பெரும்பாலும் டெஸ்க்டொப் சூழல், அதாவது மெனு எங்கே, பட்டன் எங்கே என்ற அமைப்பு. விண்டோஸில் பழகிய கைக்கு மின்டின் சினமன் என்ற டெஸ்க்டொப் வடிவாகப் பொருந்தும், 8 ஜிபிக்குத் தாராளம். 4 ஜிபி வைத்திருப்பவர்கள் மின்டின் இன்னும் இலேசான எக்ஸ்எப்சிஇ பதிப்பை எடுங்கள். பெடோரா நல்லது, ஆனால் ஒரு பதிப்புக்கு 13 மாதம் போலத்தான் ஆதரவு, தொடக்கத்தில் அந்த ஓட்டம் உங்களுக்குத் தேவையில்லை. மின்ட் 22க்கு 2029 வரை ஆதரவு உண்டு. என் முடிவு மின்ட் சினமன். ஒரு மாதம் அதிலேயே இருங்கள், இடையில் வேறொன்றுக்குத் தாவ வேண்டாம்.

போடோஷொப்பும் மைக்ரோசொப்ட் ஒபிஸும் இதில் நேராக ஓடாது. உங்கள் சம்பளம் அவற்றில்தான் தங்கியிருக்கிறது என்றால் விண்டோஸை அழிக்காமல், பக்கத்தில் இடம் ஒதுக்கி இரண்டையும் வையுங்கள். அந்தக் கட்டத்தில் மிகவும் கவனம். நான் முதன்முதலாகப் போட்ட நாளில் "டிஸ்க் முழுவதையும் அழி" என்ற தெரிவை வடிவாக வாசிக்காமல் அடுத்ததை அழுத்திவிட்டேன். அம்மாவும் அப்பாவும் கதிர்காமம் போனபோது எடுத்த படங்கள் எல்லாம் அதில் இருந்தன. திரும்பக் கிடைக்கவில்லை. கொப்பி எடுத்து வைக்காமல் அந்தத் திரைக்குப் போகாதீர்கள் தம்பி.

அப்பாவின் கேள்விக்கும் ஒரு பதில் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு, காணாமல் போனவர்களைத் தேடவும் முகாம்களுக்கு உதவியைப் பிரித்து அனுப்பவும் நம் நாட்டுத் தொண்டர்கள் எழுதியதுதான் சஹானா. அது கட்டற்ற மென்பொருள், யாரும் எடுத்துத் திருத்திப் பாவிக்கலாம். அடுத்த வருடம் பாகிஸ்தானில் நிலநடுக்கம் வந்தபோது அங்கேயும் கொண்டுபோய்ப் பாவித்தார்கள். சும்மா கிடைத்தது என்பதற்காக அந்த உழைப்பு குறைந்துவிடவில்லை. இதை அப்பாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் பிரிண்டர் எது என்று கேள்வியில் எழுதவில்லை. எச்பி என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. சில பழைய கெனன் லேசர் பிரிண்டர்கள் பிடிவாதம் பிடிக்கும். இந்த ஞாயிறு பென் டிரைவில் ஓட்டி ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். வரவில்லை என்றால் மொடல் எண்ணை அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் அதை எடுத்துச் சொல்கிறேன்.