எந்த இன்ஜினைக் காப்பாற்றுவது?

அவையோருக்கு வணக்கம். லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் நாலைந்து பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் எங்காவது தவறாகச் சொன்னால் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள் ஐயா.

பழைய நீராவி இன்ஜின் ஒன்றைக் காயலான் கடைக்குப் போகவிடாமல் மதுரைக்குக் கொண்டுவர வேண்டும். எதைக் கொண்டுவருவது? அதைப் பேசத்தான் கூடியிருக்கிறோம். விசாரித்தவர்களில் பாதிப் பேர், 'இருப்பதிலேயே பழசாகப் பார்த்து எடுங்கள்' என்கிறார்கள். வயதுக்கு மரியாதை உண்டு. 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த 'எக்ஸ்பிரஸ்' இன்ஜின் நூறு வருடத்துக்கு மேல் காட்சிப்பொருளாக நின்றது. 2010-இல் பெரம்பூர் பணிமனைக்காரர்கள் அதை மறுபடி ஓடவிட்டார்கள். நம் தொழிலாளிகளின் கைத்திறனுக்கு அதைவிடப் பெருமை வேண்டாம். ஆனால் அந்த இன்ஜின் உழைத்தது கிழக்கிந்திய ரயில்வேயில், வங்காளப் பக்கம். நம் ஊர்க்காரர் யாரும் அதில் கரி அள்ளிப் போட்டுப் பிழைத்ததில்லை.

நம் பாதையே வேறு. 1875-இல் மதுரைக்கு ரயில் வந்தபோது போட்டது மீட்டர் கேஜ். இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 1,000 மில்லிமீட்டர். அடுத்த வருடம் தூத்துக்குடி வரை போயிற்று. அப்புறம் மண்டபம், ராமேஸ்வரம், போடி என்று நீண்டதெல்லாம் மீட்டர் கேஜ்தான். இந்த ஊரின் கல்யாணம், கருமாதி, சித்திரைத் திருவிழாக் கூட்டம், சோழவந்தான் வெற்றிலைக்கட்டு எல்லாம் அந்தப் பாதையில்தான் வந்து போயின.

ஆகவே என் ஓட்டு ஒய்.பி. இன்ஜினுக்கு. எழுத்துக் கணக்கு எளிது: ஒய் என்றால் மீட்டர் கேஜ், பி என்றால் பாசஞ்சர். கூட்ஸுக்கு ஒய்.ஜி., கிளைப்பாதைக்கு எடை குறைந்த ஒய்.எல். முன்னால் நாலு சின்னச் சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு என்று நிற்கும் ஒய்.பி. 1949-இலிருந்து 1970 வரை 871 இன்ஜின்கள் செய்தார்கள். முதலில் வந்தவை அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனியில் செய்தவை. பிறகு ஜாம்ஷெட்பூரில் டாடாவின் டெல்கோ கம்பெனியே செய்து தள்ளியது. 'அவ்வளவு செய்திருக்கிறார்களே, அதில் என்ன அபூர்வம்?' என்று ஒரு தம்பி கேட்டார். அத்தனை பேருக்குச் சோறு போட்டது என்பதால்தான் எனக்கு அது வேண்டும்.

என் அப்பா ஃபயர்மேன், இன்ஜினில் கரி அள்ளிப் போடுபவர். பள்ளிக்கூடம் விட்டதும் தூக்குச்சட்டியோடு ஷெட்டுக்குப் போவேன். கரி அள்ளும் ஷவலைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவி, கரி எரியும் ஃபயர்பாக்ஸ் வாயில் நீட்டி, அதிலேயே முட்டை உடைத்து ஊற்றித் தருவார். ஓரம் கருகி நடுவில் மஞ்சள் தளதளவென்று இருக்கும். சிங்கரேணிச் சுரங்கத்துக் கரியைத் திட்டாத நாள் இல்லை. சாம்பல் அதிகம், நெருப்பு அடைத்துக்கொள்ளும். திண்டுக்கல் தாண்டி அம்பாத்துரை ஏற்றத்தில் ஸ்டீம் இறங்கிவிட்டால் டிரைவர் முகத்தைப் பார்க்க முடியாது என்பார்.

சரி, ஒய்.பி. என்று முடிவானால் போதாது. எந்த ஒய்.பி.? இங்கேதான் ஏமாறுகிறோம். சில வருடங்களுக்கு முன் ஒரு பூங்காவில் நின்ற இன்ஜினைப் பார்க்க நண்பர்களோடு போனேன். மேலே பளபளவென்று வெள்ளிப் பெயின்ட். எல்லோருக்கும் அதுதான் பிடித்துப்போயிற்று. முன்பக்கத்தில் புகை சேரும் ஸ்மோக்பாக்ஸின் கதவைத் திறந்தோம். கடைசி ஓட்டத்துச் சாம்பல் அள்ளப்படாமல் அப்படியே கிடந்தது. மழைத்தண்ணீர் இறங்கி, ஊறி, கெட்டியாகி இருந்தது. கரிச்சாம்பலும் ஈரமும் சேர்ந்தால் அமிலம்தான், இரும்பை அரித்துவிடும். டார்ச் கட்டையால் லேசாகக் குத்தினேன். அடித்தகடு பொறுக்குப் பொறுக்காக உதிர்ந்து, ஓட்டை வழியாகக் கீழே புல் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு ஆள் ஒரு மணி நேரம் சாம்பலை அள்ளியிருந்தால் தப்பியிருக்கும்.

அதனால் பெயின்டை நம்ப வேண்டாம். முதலில் ஸ்மோக்பாக்ஸ். அடுத்து ஃபயர்பாக்ஸுக்குள் தவழ்ந்து போய் உள்தகட்டையும் வெளித்தகட்டையும் பிணைத்துப் பிடிக்கும் ஸ்டே போல்ட் ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல போல்ட் கணீரென்று சொல்லும், உடைந்தது மந்தமாகச் சொல்லும். முன்வரிசைப் பெரியவர்களின் காதுதான் நமக்கு வேண்டும், எங்கள் காதுக்கு அந்தப் பழக்கம் போதாது. பித்தளை, செம்புச் சாமான்கள் அநேகமாகத் திருடு போயிருக்கும். அதற்காக ஒரு இன்ஜினைத் தள்ளிவிட வேண்டாம், அவற்றைச் செய்துகொள்ளலாம். பாய்லரைச் சுற்றிய உறையை மட்டும் யாரும் அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது. பழைய இன்ஜின்களில் உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், நுரையீரலுக்கு ஆபத்து.

அப்புறம் சக்கரங்களை இணைக்கும் ராடுகள். கிரீஸைச் சுரண்டிவிட்டுப் பார்த்தால் இன்ஜின் எண் குத்தியிருக்கும். பணிமனையில் ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் மாட்டுவது வழக்கம். டிரைவர் நிற்கும் கேப்பில் ஒரு எண், ராடில் இன்னொரு எண் என்றால் நாம் பார்ப்பது இரண்டு இன்ஜினின் கலவை. எல்லாம் ஒரே எண்ணாக இருக்கும் இன்ஜின் கிடைத்தால் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கஷ்டம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஒய்.பி. ஓட இன்று பாதை இல்லை. நம் பக்கம் எல்லாம் 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதையாகிவிட்டது. தமிழ்நாட்டில் மீட்டர் கேஜ் மிச்சம் இருப்பது நீலகிரி மலைப்பாதையில் மட்டும்தான். ஓடும் இன்ஜின்தான் வேண்டும் என்றால் அகலப்பாதை இன்ஜினைத்தான் தேட வேண்டும், அதற்கு வாதாடும் நண்பர்கள் இங்கேயே இருக்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கூரை போட்டு, கீழே இருநூறு மீட்டர் மீட்டர் கேஜ் தண்டவாளம் போட்டு, நம் பாதையில் உழைத்த இன்ஜினை அதன் மேல் நிறுத்தலாம். காற்றழுத்தத்தில் சக்கரத்தை மெல்ல உருட்டிக் காட்டலாம். பிள்ளைகள் பிஸ்டன் போய் வருவதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கட்டும்.

வீட்டில் அப்பாவோ தாத்தாவோ வைத்திருந்த டூட்டி நோட்டு, ஷெட்டில் எடுத்த போட்டோ ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள். போட்டோ மங்கியிருந்தாலும் பரவாயில்லை. கேப் பக்கவாட்டில் எழுதிய எண் படிக்க முடிந்தால் போதும், நாளையிலிருந்தே அந்த எண்ணைத் தேட ஆரம்பித்துவிடுகிறோம்.