ஈர்க்கில் பட்ட கண்ணுக்குள் ஒரு புது வில்லை

(காட்சி: தென்னை நிழல் விழும் முற்றம். ஈர்க்கிலில் செய்த வில்லும் அம்பும்.)

வணக்கம். மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளைக்கு ஈர்க்கில் அம்பு செய்ய யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அது கண்ணில் பட்டுவிட்டால், ஏச்சுக்குப் பயந்து பிள்ளை வாயே திறக்காது. சில நாளில் கண்மணிக்கு நடுவே பால் துளி விழுந்ததுபோல வெள்ளையாகத் தெரியும். அப்போதுதான் வீட்டில் பதறுவார்கள்.

(காட்சி: கண்ணின் படம், பக்கவாட்டில்.)

கண்ணுக்குள் தெளிவான ஒரு வில்லை, அதாவது லென்ஸ், அதைச் சுற்றி மெல்லிய உறை. உறை கிழிந்தால் கண்நீர்மம் உள்ளே புகுந்து வில்லை ஊறி வெளுத்துவிடும். அடிபட்டு வரும் வெண்புரை பல இப்படித்தான் வருகின்றன. சொட்டுமருந்தால் இது கரையாது. தாய்ப்பால் விடவே கூடாது, காயத்துக்குள் கிருமி போகும். ஏதாவது குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். கண்ணில் படாமல் மேலே ஒரு கடதாசிக் கோப்பையைக் கவிழ்த்து ஒட்டிவிட்டு 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

(காட்சி: விரலில் ஒரு செயற்கை வில்லை.)

பிள்ளையை முழுதாக மயக்கித்தான் சத்திரசிகிச்சை. வெளுத்த வில்லையை உறிஞ்சி எடுத்துவிட்டு, உறை தாங்குமென்றால் அதற்குள்ளேயே புதியதை வைப்பார்கள். அகலம் ஏறக்குறைய 6 மில்லிமீற்றர். சுருட்டி உள்ளே விட்டால் தானாக விரிந்துகொள்ளும்.

இந்த யோசனையே அடிபட்ட கண்ணில் பிறந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த பிளாஸ்டிக் துண்டுகள் கண்ணைப் பெரிதாக உறுத்தாமல் கிடந்ததை ஆங்கிலேயக் கண் வைத்தியர் ஹரோல்ட் ரிட்லி கவனித்தார். 1949இல் லண்டனில் முதல் செயற்கை வில்லையை வைத்தார்.

சரி, வில்லை வைத்தாயிற்று. இனித்தான் பெற்றோரின் வேலை, இதில்தான் நிறையப் பேர் தளர்ந்துபோகிறார்கள். புது வில்லை தூரத்துக்கும் கிட்டத்துக்கும் தானாக மாறாது, அதனால் கண்ணாடி வேண்டும். பிள்ளையின் கண் வளர வளர அதன் இலக்கமும் மாறும். உறையின் பின்பக்கம் மறுபடி மங்கலாம், கிளினிக்கைத் தவறவிடாதீர்கள்.

அதைவிடப் பெரியது, மூளை அந்தக் கண்ணைக் கைவிட்டுவிடும் ஆபத்து. நல்ல கண்ணால் பார்த்தே பழகிவிட்டால், ஏறக்குறைய 8 வயதுக்குப் பிறகு திருப்புவது கடினம். அதனால்தான் வைத்தியர் சொன்ன நேரத்துக்கு நல்ல கண்ணை ஒட்டி மூடச் சொல்கிறார்கள். பிள்ளை அழும், பிய்த்து எறியும். அந்த நேரத்தில் ஒரு சுளகில் அரிசியைப் போட்டு, நெல் பொறுக்கச் சொல்லிப் பக்கத்தில் இருங்கள்.

(காட்சி: சுளகு. சின்ன விரல்கள் ஒரு நெல்லைத் தேடிப் பிடிக்கின்றன.)