ஏழு மருந்துப் புட்டியும் ஒரு பால் புட்டியும்

வணக்கம், நேயர்களே. பேசிப் பழகுவதில் வேறுபடும் ஆட்டிசம், கவனம் நிலைக்காமல் துருதுருக்கும் ஏடிஹெச்டி, எழுத்தைப் படிப்பதில் தடுமாறும் டிஸ்லெக்சியா என்ற பெயர்களில் ஏதேனும் ஒன்றைத் தங்கள் பிள்ளையின் மருத்துவக் குறிப்பில் முதன்முறையாகப் படித்த பெற்றோர், என்னைப் போன்ற ஓர் உணவியலாளரிடம் வந்து அமர்ந்ததும் கேட்பது, "மூளைக்கு என்ன கொடுக்கலாம்?" என்பதைத்தான். திருநெல்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வரும் குடும்பங்களுக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் ஒரே எதிர்க்கேள்வியைத்தான் பதிலாகச் சொல்லி வருகிறேன்: பிள்ளையின் உடம்பில் என்ன குறைகிறது என்று பார்த்தீர்களா? பார்க்காமல் கொடுப்பது, எந்தப் பானை காலி என்று தெரியாமல் எல்லாப் பானையிலும் தண்ணீர் ஊற்றுவதைப் போன்றது.

ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லித் தொடங்குகிறேன். நான்கரை வயதுப் பையன் ஒருவனை அவனுடைய தாயும் ஆச்சியும் அழைத்து வந்திருந்தார்கள். ஆட்டிசம் என்பது முந்தைய ஆண்டே உறுதியாகியிருந்தது. தாய் ஒரு துணிப்பையை என் மேசைமேல் கவிழ்த்தார்; அதிலிருந்து ஏழு புட்டிகள் உருண்டன. மீனெண்ணெய், அட்டையில் மூளையின் படம் போட்ட ஒரு சிரப், வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த மிட்டாய் வடிவ வைட்டமின், துத்தநாகம், மக்னீசியம், குடலுக்கென்று ஒரு புரோபயாட்டிக் பொடி. ஏழாவது எதற்காக வாங்கியது என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. மாதம் ஆறாயிரம் ரூபாய்க்குக் குறையாத செலவு. நான் ஒவ்வொரு அட்டையாகப் படித்துக்கொண்டிருந்தபோது, ஆச்சி தன் கூடையிலிருந்து எட்டாவது புட்டி ஒன்றை எடுத்துப் பேரனின் கையில் கொடுத்தார். அது பால் புட்டி.

"சோறு ஒரு வாய் எறங்காதும்மா, பாலத்தான் குடிக்கான். அதையும் நிப்பாட்டிட்டா பிள்ளைக்கு என்ன இருக்கு?" என்றார் ஆச்சி. விசாரித்தபோது, ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் பால் போகிறது என்று தெரிந்தது. இரவில் தூங்குகிறானா என்று கேட்டேன். தூக்கத்தில் காலை உதைத்துக்கொண்டே இருப்பான், இரண்டு மணிக்கு எழுந்தால் விடியும்வரை வீடே விழித்திருக்கும் என்றார் தாய். வேறு எதையாவது தின்கிறானா என்று கேட்டபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூசையறைத் திருநீற்றை அள்ளித் தின்கிறான், சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்கிறான். அது ஆட்டிசத்தின் குணம் என்று அவர்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இந்தப் பழக்கம் கூடுதலாகக் காணப்படுவது உண்மைதான். ஆனால், உடம்பில் இரும்புச்சத்து இல்லாத பிள்ளையும் மண்ணையும் சாம்பலையும் தேடித் தின்னும்.

இரத்தப் பரிசோதனை செய்தோம். ஹீமோகுளோபின் 11.2, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 11 இருந்தால் போதும் என்பதால், "இரத்தம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிடத்தக்க எண் அது. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்னும் இன்னொரு பரிசோதனையில் 6 வந்தது. அந்த வயதில் அது 12-க்குக் கீழே போகக் கூடாது. நேயர்களே, இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் என்பது அடுக்களைப் பானையில் உள்ள அரிசி. ஃபெரிட்டின் என்பது குதிரில் உள்ள நெல். பானையில் இன்னும் நான்கு நாளைக்கு அரிசி இருக்கிறது என்பதால் குதிர் காலியாகக் கிடப்பது தெரியாமல் போய்விடுகிறது. மூளை இந்தக் காலிக் குதிரை முன்னதாகவே உணர்ந்துவிடும். கவனத்துக்கும் உந்துதலுக்கும் வேண்டிய டோபமைனை உடம்பு தயாரிக்கும்போது, அதில் முதன்மையான வேலையைச் செய்யும் நொதி இரும்பில்லாமல் இயங்காது. இரவில் கால்கள் அடங்காமல் உதைப்பதற்கும் மூளையில் இரும்பு குறைவதற்கும் உள்ள தொடர்பும் மருத்துவ உலகம் அறிந்ததே. காய்ச்சலோ தொற்றோ இருக்கும் நாளில் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், பிள்ளை நன்றாக இருக்கும் நாளாகப் பார்த்து இதைச் செய்ய வேண்டும்.

பாலைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன் என்று என் வீட்டில் கேலி செய்வார்கள், செய்யட்டும். ஒரு லிட்டர் பசும்பாலில் இருக்கும் இரும்பு ஏறத்தாழ அரை மில்லிகிராம். நான்கு முதல் ஆறு வயதுவரையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 11 மில்லிகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை சொல்கிறது. பால் வயிற்றை நிரப்பிச் சோற்றுக்கு இடமில்லாமல் செய்வதோடு, சோற்றோடு உள்ளே போகும் கொஞ்ச இரும்பும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. "பாலாவது குடிக்கிறானே" என்ற ஆறுதலில் எத்தனை வீடுகள் ஏமாந்து நிற்கின்றன! அந்த ஏழு புட்டிகளில் ஒன்றில்கூட இரும்பு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குழந்தை மருத்துவர் எடைக்கேற்ற அளவில் இரும்பு சிரப் எழுதிக் கொடுத்தார். பாலை இரண்டு டம்ளராகக் குறைத்து, அதையும் சாப்பாட்டு நேரத்திலிருந்து தள்ளி வைத்தோம். நான்காம் நாள் ஆச்சி பதறிப்போய்த் தொலைபேசியில் அழைத்தார். பிள்ளை கறுப்பாக மலம் கழித்திருக்கிறான். இரும்பு உள்ளே போனால் அப்படித்தான் ஆகும் என்பதை முன்கூட்டியே சொல்லாதது என் தவறு. சிரப் கொடுத்தபின் வாயைக் கொப்பளிக்க வைக்காவிட்டால் பல்லில் கறை படியும் என்பதையும், இனிப்பாக இருக்கிறதென்று பிள்ளைகள் தாமே எடுத்து அளவுக்குமேல் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்தாகும் என்பதால் அதைப் பூட்டி வைக்க வேண்டும் என்பதையும் அன்றைக்கே சேர்த்துச் சொன்னேன். மூன்று மாதத்தில் கால் உதைப்பது அடங்கியது. பையன் விடியும்வரை தூங்கினான். சுவர் சுண்ணாம்பு தப்பித்தது. பேச்சு வந்ததா என்றால், வரவில்லை. இரும்பு பேச்சைக் கொண்டுவராது. ஆட்டிசம் அப்படியே இருக்கிறது. தூங்கி எழுந்த பிள்ளையாகப் பயிற்சி வகுப்பில் முன்னைவிட நெடுநேரம் உட்காருகிறான், அவ்வளவுதான். அந்த "அவ்வளவுதான்" ஒரு வீட்டுக்கு எவ்வளவு பெரிது என்பதை, இரவு இரண்டு மணிக்கு விழித்திருக்கும் பெற்றோர் அறிவார்கள்.

கதை இத்துடன் முடியவில்லை. தாயையும் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னேன்; அவருடைய ஃபெரிட்டின் 9. இரும்பை உடம்பில் சேரவிடாத காப்பியைச் சாப்பிட்ட கையோடு குடிப்பவர், பிள்ளை மிச்சம் வைத்த தோசையையே தன் காலை உணவாகக் கொள்பவர். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 67 விழுக்காட்டினருக்கும் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருக்கிறது. ஏடிஹெச்டி பெரும்பாலும் மரபுவழி வருவது. பிள்ளைக்கு அது இருக்கும் வீட்டில், சாப்பிட மறந்துபோகும் தாயோ, ஒரே உணவை இருபது ஆண்டுகளாகத் தின்னும் தந்தையோ, பெயரிடப்படாத அதே குணத்தோடு இருப்பதை நான் அடிக்கடி காண்கிறேன். ஆகவே நான் பிள்ளையை மட்டும் பார்க்காமல், முடிந்தவரை குடும்பத்தையே உட்கார வைத்துக் கேட்கிறேன்.

2004-இல் பாரிசில் நடந்த ஓர் ஆய்வில், ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளில் 84 விழுக்காட்டினரின் ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த மற்றப் பிள்ளைகளில் அது 18 விழுக்காடே. இதைக் கேட்டுவிட்டு, இரும்பு குறைந்ததால்தான் ஏடிஹெச்டி வந்தது என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். அது சிறிய ஆய்வு. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே பக்கம் சாயவில்லை. குறை இருந்தால் நிரப்புங்கள் என்பதற்குமேல் நான் எதையும் சொல்லத் துணிய மாட்டேன்.

உணவு மூளையை மாற்றவே மாற்றாதா என்று கேட்டால், மாற்றிய ஒரு வரலாறு உண்டு. 1934-இல் நார்வேயில் ஒரு தாய், மூளை வளர்ச்சி குன்றிய தன் இரு பிள்ளைகளின் உடம்பிலும் புழுங்கிய வாடை வீசுவதை மருத்துவர் பலரிடம் சொல்லிப் பயனில்லாமல், கடைசியில் ஆஸ்பியோன் ஃபோலிங் என்பவரிடம் சென்றார். ஃபோலிங் அந்தப் பிள்ளைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு என்ற வேதிப்பொருளைச் சேர்த்தபோது, எதிர்பாராத பச்சை நிறம் தோன்றியது. லிட்டர் லிட்டராகச் சிறுநீரை ஆராய்ந்து, புரதத்தில் உள்ள ஃபினைல் அலனின் என்ற பொருளை அந்தப் பிள்ளைகளின் உடம்பால் செரிக்க இயலவில்லை என்பதன் தடயத்தை அவர் கண்டுபிடித்தார். இன்று நாம் பிகேயூ என்று அழைப்பது அதைத்தான். 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காமில், அந்தப் பொருளைக் குறைத்த உணவை ஒரு சிறுமிக்குக் கொடுத்தபோது, அவள் தவழவும் நிற்கவும் தொடங்கினாள். உணவில் அதை மீண்டும் சேர்த்துப் பார்த்தபோது முன்னேற்றம் பின்வாங்கியது. பிறந்த சில நாட்களிலேயே குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்டுபிடித்துவிட்டால், அந்தக் குழந்தை உணவுக் கட்டுப்பாட்டோடு மற்றவர்களைப் போலவே வளர்கிறது. அந்தத் தாய் முகர்ந்தார், மருத்துவர் பரிசோதித்தார், குறை இன்னதென்று தெரிந்தது, அதன் பிறகே உணவு மாறியது. இந்த வரிசையைக் கவனியுங்கள்.

வரிசை தலைகீழானால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1998-இல் அமெரிக்காவில், செக்ரீட்டின் என்ற குடல் சுரப்பை ஊசியாகப் போட்டுக்கொண்ட மூன்று ஆட்டிசப் பிள்ளைகள் தெளிவடைந்ததாக ஒரு கட்டுரை வந்தது. ஆயிரக்கணக்கான பெற்றோர் அதற்காக அலைந்தார்கள். அடுத்த ஆண்டே 60 பிள்ளைகளை வைத்து முறையாகச் சோதித்ததில், உண்மை மருந்து பெற்றவர்களும் வெறும் உப்புநீர் பெற்றவர்களும் ஒரே அளவு முன்னேறியிருந்தார்கள். என்னை நெகிழ வைத்தது அதன் பின்னால் நடந்தது. முடிவைச் சொன்ன பிறகும், அந்தப் பெற்றோரில் 69 விழுக்காட்டினர் அந்த மருந்தில் இன்னும் நாட்டம் இருப்பதாகவே சொன்னார்கள். அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். பிள்ளைக்காக எதையாவது செய்துகொண்டிருப்பதே ஒரு மருந்து, பெற்றோருக்கு.

மீனெண்ணெயைப் பற்றிக் கேட்காமல் நீங்கள் விட மாட்டீர்கள். அதில் உள்ள ஒமேகா-3 என்ற கொழுப்பைக் கொடுத்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், ஏடிஹெச்டியில் அதன் பயன் இருந்தாலும் சிறிதளவே என்றார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2023-ஆம் ஆண்டு மறுஆய்வு அதற்கும் போதிய சான்று இல்லை என்றது. தூத்துக்குடிப் பக்கத்துச் சாளையையும் நெத்திலியையும் வாரம் இரண்டு முறை குழம்பு வைத்துக் கொடுப்பவர்களுக்கு மாத்திரை தேவையில்லை என்பது என் கருத்து. கோதுமையையும் பாலையும் அறவே நிறுத்தும் உணவுமுறையைப் பற்றி ஒரு வரி: இட்லி, தோசை, சோறு என்று வாழும் வீட்டுக்குக் கோதுமையை விலக்குவது கடினமன்று, ஆனால் ஐந்தாறு உணவை மட்டுமே ஏற்கும் ஆட்டிசப் பிள்ளையிடமிருந்து தயிர்சோற்றையும் பிடுங்கிவிட்டால் சுண்ணாம்புச்சத்துக்கு எங்கே போவது? உருளைக்கிழங்கு வறுவலும் பிஸ்கட்டும் மட்டுமே தின்று, நடக்க முடியாமல் காலை இழுத்துக்கொண்டு வந்த பிள்ளைகளுக்கு, வைட்டமின் சி குறைவால் வரும், மாலுமிகளின் நோய் என்று பாடப்புத்தகத்தில் படித்த ஸ்கர்வி இருப்பதாகக் கண்டறிந்த மருத்துவக் குறிப்புகள் பல நாடுகளிலிருந்தும் வந்துள்ளன. தினம் பாதிக் கொய்யாப்பழம் போதும், அதைத் தடுக்க. சோற்றில் உள்ள இரும்பு உடம்பில் சேரவும் அதே கொய்யா உதவும்.

எனக்குக் கொடுத்த நேரத்தில் இன்னும் இரண்டு நிமிடமே இருக்கிறது. செயற்கை நிறமிகளைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். பிள்ளைகள் சிலரின் துருதுருப்பை அவை கூட்டுகின்றன என்று 2007-இல் சவுதாம்டன் பல்கலைக்கழகம் காட்டியதையும், 2010 முதல் ஐரோப்பாவில் அப்படிப்பட்ட தின்பண்ட உறைகளில் எச்சரிக்கை அச்சிடப்படுவதையும் மட்டும் சொல்லி நகர்கிறேன். வைட்டமின் டி பொடியில் 60,000 யூனிட் என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று. நாளுக்கு ஒன்றாகக் கொடுத்து, வாந்தியும் மலச்சிக்கலுமாக வந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். பி6 வைட்டமினை அதிக அளவில் நெடுநாள் கொடுத்தால் கைகால் நரம்புகள் மரத்துப்போகும்.

கடைசியாக உப்பு. வயிற்றிலிருக்கும் சிசுவின் மூளைக்கு அயோடின் இன்றியமையாதது. அது கிடைக்காமல் போவதுதான் தடுக்கக்கூடிய மூளைக் குறைபாடுகளில் முதன்மையானது. இயற்கையானது என்று நம்பி இந்துப்புக்கு மாறிய வீடுகளில் கருவுற்ற மருமகள் இருந்தால், பொட்டலத்தைத் திருப்பி, அயோடின் கலந்தது என்று எழுதியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கருவுறுவதற்கு முன்பே தொடங்க வேண்டிய ஃபோலிக் அமிலத்தைப் பற்றி, நிலையத்தார் இன்னொரு நாள் அழைத்தால் சொல்கிறேன். வணக்கம்.