காவிரிக்கு எத்தனை பிறந்த வீடு?

(மயிலாடுதுறையில் ஐப்பசி மாதம் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், பள்ளிக்கூடம் விட்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

‘தோற்றுவாய்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். உலகம் எப்படித் தோன்றியது, உயிர் எப்படி வந்தது என்று எங்கே வேண்டுமானாலும் போகக்கூடிய தலைப்பு. நான் அவ்வளவு தூரம் போகப் போவதில்லை. ஐப்பசி மாதத்தில், காவிரிப் படித்துறையான துலாக் கட்டம் இருக்கும் ஊரில் நின்றுகொண்டு தொடக்கத்தைப் பற்றிப் பேசுவதென்றால் ஆற்றை விட்டுவிட்டுப் பேச என்னால் முடியாது.

பள்ளிக்கூடத்தில் நாம் படித்த பதில் ஒரே வரி. காவிரி குடகு மலையில் தலைக்காவிரியில் உற்பத்தியாகிறது. தேர்வில் எழுதினால் மதிப்பெண் உண்டு. சரி, அந்த இடத்தில் என்னதான் இருக்கிறது? பிரம்மகிரி மலையில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,276 மீட்டர் உயரத்தில், ஒரு சின்னக் குண்டிகை. அதற்கு முன்னால் ஒரு குளம். மழைக்காலம் போக மற்ற நாட்களில் அங்கிருந்து ஆறென்று எதுவும் ஓடுவதைக் கண்ணால் பார்க்க முடியாது. தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக் கீழே வேறொரு இடத்தில் வெளிப்படுகிறது என்பது அங்கே உள்ளவர்களின் நம்பிக்கை.

சூரியன் துலா ராசிக்குள் நுழைகிற நேரத்தில் அந்தக் குண்டிகையில் நீர் பொங்கும் என்று குடகு மக்கள் திரண்டு காத்திருக்கிறார்கள். அந்தச் சங்கிரமணத்தோடுதான் இங்கே ஐப்பசி பிறக்கிறது, துலா முழுக்கும் ஆரம்பிக்கிறது. ஆற்றின் மொத்த நீளம் சுமார் 800 கிலோமீட்டர். அதன் ஒரு முனையில் இருப்பவர்களும் கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் நாமும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே, ஒரே நேரத்துக்காகக் காத்திருக்கிறோம். இது என்னை எப்போதும் நெகிழ வைக்கும் விஷயம்.

ஆனால் ஆறு பிறந்த கதையைக் கேட்டால் இரண்டு ஊரும் இரண்டு விதமாகச் சொல்லும். குடகில் காவிரி கவேர முனிவரின் மகள். அகத்தியரை மணந்து, அப்புறம் ஆறாக ஓடிப் போனவள். அங்கே அது பெண்ணை வழியனுப்பிய வீட்டின் கதை. நம் பக்கத்தில் சொல்வது வேறு. சீர்காழியில் இந்திரன் வைத்த நந்தவனம் மழையில்லாமல் வாடுகிறது. பிள்ளையார் காக்கையாக வந்து அகத்தியரின் கமண்டலத்தைக் கவிழ்க்கிறார். தண்ணீர் ஓடி வருகிறது. சீர்காழி எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள், கடலுக்குப் பக்கத்தில். கடைமடையில் பயிர் காய்ந்துகொண்டிருக்கிறது, மேலே ஒருவர் தண்ணீரை அடைத்து வைத்திருக்கிறார், யாராவது கவிழ்த்துவிட்டால் தேவலை. இது கீழே காத்துக்கிடந்தவன் சொன்ன கதை என்று எனக்குத் தோன்றுகிறது. மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று ஜூன் மாதத்தில் செய்தித்தாளைப் புரட்டும் விவசாயிக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம்.

இப்போது ஒரு கேள்வி. துலாக் கட்டத்தில் நாம் முழுகும் தண்ணீரில் தலைக்காவிரித் தண்ணீர் எவ்வளவு? சிக்மகளூர் மாவட்டத்தில் பிறக்கும் ஹேமாவதி வந்து சேர்கிறது. கேரளத்தின் வயநாட்டிலிருந்து கபினி வருகிறது. பவானி கூடுதுறையில் சேர்கிறது. வெள்ளியங்கிரியிலிருந்து நொய்யல், ஆனைமலைப் பக்கமிருந்து அமராவதி. இத்தனையும் சேர்ந்ததுதான் முக்கொம்புக்கு வருகிற காவிரி. இவற்றில் ஒன்றை மட்டும் தாய் என்றும் மற்றதைத் துணை என்றும் சொல்வது மனிதர்கள் வைத்துக்கொண்ட வழக்கம்தான். கடலிலிருந்து மிகத் தூரத்தில் இருக்கும் ஊற்றைத் தொடக்கம் என்பார்கள் சிலர். அதிகத் தண்ணீர் கொண்டுவரும் கிளையைச் சொல்வார்கள் சிலர். முன்னோர்கள் கும்பிட்ட இடத்தைச் சொல்வார்கள் சிலர். நாம் மூன்றாவதை எடுத்துக்கொண்டோம். அதில் தவறில்லை. கபினியையும் பவானியையும் மறந்துவிடாமல் இருந்தால் சரி.

இன்னும் மேலே போனால் ஊற்றுகூடத் தொடக்கமாகத் தெரியாது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து ஈரத்தைத் தூக்கிவந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டுகிறது. அந்தக் காற்று மலையைத் தாண்டி நம்மிடம் வரும்போது பெரும்பாலும் வறண்டுவிடும். ஆடி மாதத்தில் இங்கே பெரிய மழை இல்லாமலே ஆறு நிறைவது அதனால்தான். பதினெட்டாம் பெருக்கன்று காதோலை கருகமணியும் காப்பரிசியும் வைத்துப் பெண்கள் வரவேற்பது நாம் பார்க்காத ஒரு மழையை. நம் மழை ஐப்பசி, கார்த்திகையில், வங்கக் கடல் பக்கமிருந்து வரும். மேற்குக் கடல் மலைவழியாகவும் கிழக்குக் கடல் வானம்வழியாகவும் தண்ணீர் கொடுக்கிற பூமி இது.

தண்ணீரைப் போலவே மண்ணும் வந்ததுதான். தஞ்சாவூருக்குத் தென்மேற்கே வல்லம் பக்கம் போனால் செம்மண் மேடு தெரியும். அது பழைய நிலம். அங்கிருந்து கிழக்கே இறங்கி வந்தால், நாம் நிற்கும் இந்த இடம் உட்பட, பெரும்பகுதி ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். குடகிலும் மைசூர்ப் பீடபூமியிலும் பாறையாக இருந்தது உடைந்து, உருண்டு, தேய்ந்து இங்கே வயலாகக் கிடக்கிறது. ‘மண்ணின் மைந்தன்’ என்று மேடைகளில் சொல்லும்போது இது என் நினைவுக்கு வரும். மண்ணே வெளியூர்தான். அதிலும் இப்போது மேட்டூரிலும் அதற்கு மேலேயும் அணைகள் வண்டலைப் பிடித்துக்கொள்கின்றன. வருகிற மண் குறைந்துவிட்டது, இருக்கிற மணலையும் லாரி லாரியாக அள்ளிவிட்டோம். இதைச் சொல்லாமல் தோற்றுவாய் பற்றிப் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அடுத்து, தொடக்கத்துக்குத் தேதி இருக்கும் ஒரு ஆறு. பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, பேராவூரணி பக்கம் உள்ளவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். உங்கள் ஊருக்குக் காவிரி வந்தது 1934இல். மேட்டூர் அணையோடு சேர்ந்து வெட்டி முடித்த கல்லணைக் கால்வாயை இன்றும் புதாறு, புது ஆறு என்றுதான் சொல்கிறோம். 90 வருடம் ஆகியும் அது ‘புது’ தான். அதற்கு முன் அங்கே ஏரியும் மானாவாரியும். கல்லணையில் தொடங்கி, தஞ்சாவூர் நகரத்துக்குள் புகுந்து, சுமார் 148 கிலோமீட்டர் ஓடி, வானம் பார்த்த பூமியை நெல் வயலாக்கியது அந்த வாய்க்கால். ஒரு பேராவூரணி விவசாயியிடம் போய், உங்கள் காவிரி எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், கல்லணையில் உள்ள ஒரு மதகைக் காட்டினால் தப்பா? அவருடைய தாத்தா தலைமுறைக்குக் காவிரி மலையில் பிறக்கவில்லை. மண்வெட்டியில் பிறந்தது. அந்த மண்ணை வெட்டிச் சுமந்த கூலியாட்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை என்பது எனக்குப் பெரிய குறை.

கல்லணை என்றதும் கரிகாலன் என்போம். ராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு, கரிகாலன் காவிரிக்குக் கரை கட்டியதைச் சொல்கிறது. அந்த நினைவு பொய்யில்லை. ஆனால் இன்று நாம் பார்க்கும் கல்லணையில் அவன் காலத்தோடு 19ஆம் நூற்றாண்டும் கலந்திருக்கிறது. அப்போது காவிரி மணல்மேடிட்டுத் தண்ணீர், முக்கொம்பில் பிரியும் கிளையான கொள்ளிடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆர்தர் காட்டன் 1830களில் முக்கொம்பில் மேலணையைக் கட்டித்தான் அந்தப் பங்கீட்டைச் சரிசெய்தார். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைப் பழைய கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்தே கற்றதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அப்படியானால் கல்லணையின் தொடக்கம் எது? முதல் கல்லைப் போட்ட அரசனுக்குச் சிலை வைக்கிறோம், வைக்கத்தான் வேண்டும். நடுவில் இத்தனை நூற்றாண்டாக, ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பிறகு சரிந்த கல்லை மறுபடி தூக்கி வைத்தவர்கள் இல்லாவிட்டால் அந்த முதல் கல் இன்று இருக்காது. கட்டியவனுக்குச் சமமாக மராமத்துப் பார்த்தவனையும் தொடக்கத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

இதையெல்லாம் எதற்காகச் சொல்கிறேன் என்றால், தொடக்கம் என்ற சொல்லை இன்று பெரும்பாலும் உரிமை கேட்கத்தான் எடுக்கிறார்கள். என் இடத்தில் பிறந்தது, அதனால் என்னுடையது. 1895இல் அமெரிக்க அரசின் தலைமை வழக்கறிஞர் ஹார்மன், ரியோ கிராண்ட் ஆற்றைப் பற்றி அப்படித்தான் கருத்துச் சொன்னார்: தன் எல்லைக்குள் ஓடும் தண்ணீரை அமெரிக்கா எப்படி வேண்டுமானாலும் எடுக்கலாம், கீழே உள்ள மெக்சிகோவுக்குப் பதில் சொல்லக் கடமையில்லை. அந்த வாதத்தை அவர்களே காப்பாற்றவில்லை. 1906இல் மெக்சிகோவுக்கு ஆண்டுதோறும் தண்ணீர் தர ஒப்பந்தம் போட்டார்கள். நம் உச்ச நீதிமன்றமும் 2018 பிப்ரவரியில் கொடுத்த காவிரித் தீர்ப்பில், மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறு எந்த ஒரு மாநிலத்துக்கும் தனிச்சொத்து இல்லை, அது தேசத்தின் சொத்து என்று சொன்னது. கர்நாடகத்திலிருந்து நமக்கு ஆண்டுதோறும் வரவேண்டிய அளவு 177.25 டிஎம்சி என்றும் வைத்தது. நடுவர் மன்றம் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டிஎம்சியும் காரைக்காலுக்காகப் புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டிஎம்சியும் அப்படியே இருக்கின்றன. மலை முகட்டில் உள்ளவருக்கும் கடல் ஓரத்தில் உள்ளவருக்கும் ஒரே கணக்கில் பங்கு.

ஆனால் நாமும் ஒன்றை நினைக்க வேண்டும். பங்கு கேட்கிற நமக்கு அந்த மலையின் நிலைமை தெரியுமா? 2018 ஆகஸ்டில் குடகில் மலை சரிந்து வீடுகள் போயின. அதே மாதம் வந்த வெள்ளத்தில்தான் முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் உடைந்தன. மதகு உடைந்தது நமக்கு நினைவிருக்கிறது. மலை சரிந்தது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? 2020 ஆகஸ்டில் தலைக்காவிரிக்குப் பக்கத்திலேயே மண் சரிந்து அர்ச்சகர் வீடு புதைந்துபோனது. அந்தக் காடும் மண்ணும் மழையைப் பிடித்து வைத்து மெல்ல விட்டால்தான் நமக்கு ஆறு. எந்த இடத்தில் ஒரு பொருள் தொடங்குகிறதோ, அந்த இடத்துக்கு அதை அனுபவிக்கிறவன் பட்டிருக்கும் கடன் அதிகம். நான் தோற்றுவாய் என்பதை அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

ஆற்றோடு நிற்காமல் பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் வருவோம். சியாமா சாஸ்திரி, தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர் மூவரும் பிறந்தது திருவாரூரில். ஒரு ஊர், ஒரு தலைமுறை. அதனால் கர்நாடக இசை திருவாரூரில் தொடங்கியதா? அவர்களுக்கு முன்பே சீர்காழியில் முத்துத்தாண்டவர் தமிழில் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று கீர்த்தனை பாடிவிட்டார். அவருக்கும் பல நூற்றாண்டு முன்னால் அதே சீர்காழியில் சம்பந்தர் பாட, திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழில் வாசித்தார். இன்னொரு பக்கம், கச்சேரியில் பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தவர்களில் தீட்சிதரின் தம்பி பாலுசாமியும் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் உண்டு. நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்கிறவர்கள் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த ஆச்சா மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். பச்சை மரம் உதவாது, வருடக்கணக்கில் காய்ந்த மரம் வேண்டும். யாரோ வாழ்ந்து முடித்த வீட்டு உத்தரம் இன்னொரு வீட்டுக் கல்யாணத்தில் நாகஸ்வரமாக ஒலிக்கிறது. இதில் எந்த இடத்தில் கோடு போட்டு, இங்கேதான் ஆரம்பம் என்பது?

கும்பகோணம் டிகிரி காபியும் அப்படியே. செடி எத்தியோப்பியாவுடையது. ஏமன் வழியாக பாபா புடன் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்பது வழக்கு. ஹேமாவதி பிறக்கும் அதே மாவட்டம்! நெல்லைப் பாருங்கள். 1922இல் தொடங்கிய ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1960களின் நடுவில் தந்த ஏடிடி 27 என்ற நெல் ரகம், ஜப்பான் நெல் ஒன்றையும் நம் ஜிஇபி 24 நெல்லையும் ஒட்டி உண்டாக்கியது. அந்த நாளில் தஞ்சை மாவட்டத்தின் குறுவை வயல்களை நிரப்பியது அதுதான்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். ஆறு வரைக்கும்தான் வரைபடத்தில் பெயர் இருக்கிறது. அதிலிருந்து பிரிந்து, கடைசியில் வயலுக்குப் போகும் சி, டி வாய்க்கால்களின் பெயர்கள் பெரும்பாலும் பெரியவர்கள் வாயில்தான் இருக்கின்றன. தூர்வாராமல் விட்ட வாய்க்கால் மறையும்போது அந்தப் பெயரும் போய்விடுகிறது. உங்கள் வீட்டு வயலுக்கு, வயல் இல்லாவிட்டால் உங்கள் தெருக் குளத்துக்கு, தண்ணீர் எந்த வாய்க்காலில் வருகிறது, அதற்குத் தலைப்பு, அதாவது வாய்க்கால் தொடங்கும் இடம், எது, எந்த மதகில் பிரிகிறது என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். சித்திரை, வைகாசியில் வாய்க்கால் காய்ந்திருக்கும். பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கரையோடு நடந்தால் தலைப்பு வரைக்கும் போய்விடலாம். மதகுக் கல்லில் வருடம் வெட்டியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுதியதைக் கொண்டுவந்தால் இதே மேடையில் நீங்களே வாசிக்கலாம். அதற்கான நேரத்தை அமைப்பாளர்களிடம் நான் கேட்டு வாங்கித் தருகிறேன்.