பெல்ட்டைக் கொஞ்சம் மாற்றிப் போடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தொழிற்பேட்டைப் பக்கம் போய் எந்த ஜாப்வொர்க் பட்டறையில் வேண்டுமானாலும் எட்டிப் பாருங்கள். மூலையில் ஒரு பேண்ட்சா மெஷின், அதாவது வளையமான பிளேடு சுற்றி ஓடி அறுக்கிற மெஷின், ஓடிக்கொண்டிருக்கும். அதன் பெல்ட் கவரைத் திறந்தால், படிப்படியாக மூன்றோ நாலோ பள்ளம் உள்ள புல்லி இருக்கும். ஒவ்வொரு பள்ளமும் ஒரு வேகம். ஆனால் மெஷின் வந்து இறங்கிய அன்றைக்கு ஃபிட்டர் எந்தப் பள்ளத்தில் பெல்ட்டை மாட்டினாரோ, பெரும்பாலும் அதிலேயேதான் கிடக்கும். மற்ற பள்ளங்களில் எண்ணெயும் தூசும் அப்பிக் கிடக்கும். இரும்பு வந்தாலும் அதே வேகம், எவர்சில்வர் வந்தாலும் அதே வேகம். "முன்ன மாதிரி பிளேடு உழைக்க மாட்டேங்குதுங்க" என்ற புலம்பல் மட்டும் மாதாமாதம் கேட்கும். பிளேடு மேல் பழி போடுவதற்கு முன்னால் அந்தக் கவரை ஒரு தரம் திறந்து பாருங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

வேகம் என்று நான் சொல்வது மோட்டார் சுற்றும் வேகத்தை அல்ல. பிளேடில் உள்ள ஒரு பல், ஒரு நிமிடத்தில் எத்தனை மீட்டர் தூரம் ஓடுகிறது என்பதைத்தான். இதை அளக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. மெஷினை நிறுத்திவிட்டு, பிளேடின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். பிறகு ஓடவிட்டு, எட்ட நின்று, அந்தக் கோடு ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை கடந்து போகிறது என்று எண்ணுங்கள். பிளேடின் நீளம் 3 மீட்டர், கோடு 20 தடவை வந்தது என்றால் 60 மீட்டர் வேகம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் இப்படி எண்ணி, கவரின் உட்புறம் மார்க்கரால் எழுதி வைத்துவிட்டால் வேலை முடிந்தது. மெஷினோடு வந்த தகட்டில் போட்டிருக்கிற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். இடையில் யாராவது மோட்டாரையோ புல்லியையோ மாற்றியிருக்கலாம்.

சரி, எதற்கு எவ்வளவு? வானொலியில் நீளமான பட்டியலை வாசித்தால் யாருக்கும் நினைவில் நிற்காது. நாலு எண் மட்டும் சொல்கிறேன். இரண்டு உலோகம் சேர்த்துச் செய்த பைமெட்டல் பிளேடு, சூட்டைத் தணிக்கிற கூலண்ட் நன்றாக விழுகிறது, அறுக்கிற ரவுண்டின், அதாவது உருண்டை ராடின், விட்டம் 100 மி.மீ. வாக்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்.எஸ். என்கிற சாதாரண இரும்பு என்றால் 80 மீட்டர். ஷாஃப்ட்டுக்குப் போடும் ஈ.என்.8 என்றால் 65. எவர்சில்வர் ரகமான எஸ்.எஸ். 304 என்றால் 35. டை செய்கிற டி2 ஸ்டீல் என்றால் 30. பிளேடு தயாரிப்பாளர்களின் அட்டவணைக்கு அட்டவணை இதில் ஐந்து பத்து ஏறி இறங்கும், பரவாயில்லை. விட்டம் 200 மி.மீ.க்குப் போனால் பத்து, பன்னிரண்டு சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள். பல் அதிக நேரம் உலோகத்துக்குள்ளேயே இருப்பதால் சூடு கூடும். கூலண்ட் இல்லாமல் அறுக்கிறீர்கள் என்றால் மூன்றில் ஒரு பங்காவது குறைத்தே ஆக வேண்டும்.

எம்.எஸ்.சுக்கு 80, எவர்சில்வருக்கு 35. பாதிக்கும் கீழே. பட்டறைகளில் பிளேடுக் காசு கரைவது பெரும்பாலும் இங்கேதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பேசலாம்.

75 மி.மீ. 304 ரவுண்ட் ஒன்று வருகிறது. பெல்ட் எம்.எஸ். வேகத்தில் கிடக்கிறது. ஆபரேட்டர் அப்படியே ஸ்விட்சைப் போடுகிறார். முதல் பத்து மி.மீ. ஒழுங்காகத்தான் இறங்கும். அப்புறம் சத்தம் மாறும். கரகரவென்று இருந்தது கீச்சென்று ஆகும். கீழே விழுகிற சுருள் சின்னதாகி, பொடியாகிவிடும். ஆபரேட்டர் பயந்துபோய் ஃபீட் வால்வைத் திருகி, பிளேடை உலோகத்துக்குள் இறக்குகிற அழுத்தத்தைக் குறைப்பார். குறைக்கவே கூடாத நேரம் அதுதான். பல் இப்போது வெட்டவில்லை, தேய்க்கிறது. ஜி.ஐ. கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் மடக்கினால், அந்த இடம் விறைத்துப்போய்க் கடைசியில் ஒடியும் அல்லவா? 304 அந்தக் குணத்தில் கம்பியை மிஞ்சும். தேய்க்கத் தேய்க்க, வெட்டின பள்ளத்தின் அடியில் கண்ணாடி மாதிரி பளபளப்பாக, கெட்டியான தோல் ஒன்று படிந்துவிடும். உள்ளே இருக்கும் உலோகத்தைவிட அது பல மடங்கு பிடிவாதமானது. அதற்குள் பழைய பிளேடு மழுங்கியிருக்கும். புதுப் பிளேடை மாட்டி அதே பள்ளத்தில் இறக்கினால் அதுவும் அங்கேயே போச்சு. அந்த மாதிரி ஆகிவிட்ட ராடைத் திருப்பிப் பிடித்து, மறுபக்கத்திலிருந்து புதிதாக அறுத்து வருவதுதான் வழி.

சூட்டுக் கணக்கும் உண்டு. சாதாரண இரும்பு சூட்டைக் கடத்துகிற அளவில் 304 ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கடத்தும். அறுபடும் இடத்தில் பிறக்கிற சூடு ராடுக்குள் பரவிப் போகாமல் பல்லின் நுனியிலேயே நிற்கும். பைமெட்டல் பிளேடின் முதுகு ஸ்பிரிங் ஸ்டீல், பல் நுனி மட்டும் ஹைஸ்பீடு ஸ்டீல். பெரும்பாலும் 8 சதவீதம் கோபால்ட் கலந்த எம்42 ரகம். ஏறக்குறைய 600 டிகிரி வரை அது தாக்குப்பிடிக்கும். அதைத் தாண்டினால் கடினம் இறங்கி, நுனி மழுங்கிவிடும்.

ஆகவே எவர்சில்வருக்கு இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும். வேகத்தைக் குறையுங்கள், ஃபீடைத் தைரியமாகக் கொடுங்கள். ஒவ்வொரு பல்லும், முந்தின பல் கெட்டிப்படுத்திய தோலுக்கு அடியில் இறங்கி வெட்ட வேண்டும். வேகத்தையும் ஃபீடையும் ஒரே விஷயமாக நினைத்து இரண்டையும் சேர்த்துக் குறைப்பவர்கள்தான் என் கணக்கில் அதிகப் பிளேடு வாங்குகிறவர்கள். நடுவில் டீ குடிக்கப் போவதற்காக மெஷினைப் பாதி வெட்டில் தேயவிட்டு நிற்பதும் இதே கெடுதல்தான்.

சரியாக அறுபடுகிறதா என்பதைச் சுருளே சொல்லிவிடும். மெஷினை நிறுத்திவிட்டுத் தட்டில் கிடப்பதைப் பிரஷ்ஷால் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். கையால் அள்ள வேண்டாம், கிழித்துவிடும். மெல்லிசாக, நன்றாகச் சுருண்டு, வெள்ளி நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி. நீலம் பாரித்துத் தடிமனாக இருந்தால் சூடு மிஞ்சிவிட்டது, வேகத்தையோ ஃபீடையோ இறக்க வேண்டும். பொடியாக இருந்தால் ஃபீட் போதவில்லை. பழகின ஆபரேட்டருக்கு இந்தப் பார்வை போதும், அட்டவணையே தேவைப்படாது.

அலுமினியமும் பித்தளையும் நேர் எதிர் ரகம். அலுமினியம் சூட்டை நன்றாகக் கடத்தும், மெஷின் கொடுக்கிற உச்ச வேகத்தில் ஓட்டலாம். அங்கே தொல்லை வேறு. துகள் மெத்தென்று பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்ளும். பெரிய பல் பிளேடும், கூலண்டோ மெழுகோ இருந்தால் தப்பிக்கலாம். ஃபவுண்டரிகளில் அலுமினிய வார்ப்பின் ரைசரை, அதாவது வார்ப்போடு ஒட்டி நிற்கும் மிச்ச உலோகத்தை, வெட்டும் செங்குத்தான மெஷின்கள் நிமிடத்துக்குப் பல நூறு மீட்டர் வேகத்தில் ஓடும். எல்.எம்.6 மாதிரி 10 முதல் 13 சதவீதம் சிலிக்கான் உள்ள கலவை என்றால் மட்டும் பல் வேகமாகத் தேயும், கார்பைடு பல் வைத்த பிளேடு வாங்குவது லாபம். வார்ப்பிரும்பை 50 மீட்டர் வாக்கில் உலர்வாகவே அறுக்கலாம். அதிலுள்ள கிராஃபைட்டே வழுக்கலைக் கொடுத்துவிடும்.

மரத்துக்கு வருவோம். 350 மி.மீ. சக்கரம் உள்ள தச்சுப் பட்டறை மெஷின் நிமிடத்துக்கு 820 சுற்று சுற்றினால், பிளேடு ஓடுவது 900 மீட்டர். மர அறுவை மில்களில் அதைவிடவும் கூடுதல். அந்த மெஷினில், "ஒரே ஒரு ஆங்கிள் துண்டுதானே" என்று இரும்பை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இரும்பு கேட்கிற வேகத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல். சில நொடியில் பல் முழுக்க எரிந்துபோகும். பிளேடு அறுந்து வீசினால் அதைவிட மோசம்.

இப்போது பல இடங்களில் புல்லிக்குப் பதில், மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றுகிற வி.எஃப்.டி. வந்திருக்கிறது. குமிழைத் திருகினால் வேகம் இறங்குகிறது. நல்ல வசதிதான். ஆனால் 50 ஹெர்ட்ஸில் ஓட வேண்டிய மோட்டாரை 20க்கு இறக்கினால், மோட்டாரின் பின்னால் இருக்கிற காற்றாடியும் மெதுவாகத்தான் சுற்றும். மோட்டார் சூடேறும். பெல்ட்டை மாற்றிப் போட்டு வேகத்தைக் குறைத்தால் இழுவிசை கூடும், வி.எஃப்.டி.யில் அது கூடுவதில்லை. எவர்சில்வருக்கு வேண்டியதோ மெதுவான, பலமான இழுவை. அதனால் வி.எஃப்.டி. இருந்தாலும், பெரிய எஸ்.எஸ். ரவுண்ட் வந்தால் பெல்ட்டைத் தாழ்ந்த பள்ளத்துக்கு மாற்றிவிட்டு, மிச்சத்தை மட்டும் குமிழில் சரிசெய்யுங்கள்.

புதுப் பிளேடு மாட்டும்போது ஒன்று. பழக்குவது என்று சொல்லி வேகத்தையும் பாதியாகக் குறைத்துவிடாதீர்கள். வேகம் அந்த உலோகத்துக்கு உரியதாகவே இருக்கட்டும். ஃபீடை மட்டும் பாதியில் தொடங்கி, நாலைந்து வெட்டு போனபின் படிப்படியாக ஏற்றுங்கள். ஆனால் முதல் துண்டாக எவர்சில்வரைப் பிடிக்காதீர்கள். எம்.எஸ். ராடில் பழக்கிவிட்டுப் பிறகு அதற்கு வாருங்கள்.

வணக்கம்.