புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

குத்துவிளக்கை எப்படித் துலக்குவது என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. புளியை ஊறவைத்து, கல்லுப்பு சேர்த்து, தேங்காய் நாரால் தேய்த்தால் புதுசு போல ஆகிவிடும். அதே கையோடு, பரணிலிருந்து இறக்கிய பழைய திசைகாட்டியையும், தாத்தா வைத்திருந்த தொலைநோக்கியையும் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிடுகிறோம். அதை மட்டும் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன். முப்பது வருடங்களாகக் கடலோடிகளின் கருவிகளையும் நில அளவைக் கருவிகளையும் சேகரித்து வருகிறேன். திருடன் கொண்டுபோனதையும் துரு தின்றதையும் விட, ஆசையாகத் துலக்கியதால் கெட்டுப்போன கருவிகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஏன் கெடுகிறது? பழைய பித்தளைக் கருவியின் மேல் அரக்கில் செய்த மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். கை வியர்வையும் உப்புக் காற்றும் உலோகத்தைத் தொடாமல் அதுதான் காத்தது. புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் அந்தப் பூச்சு போய்விடும். அப்புறம் அளவுக் கோடுகள். கப்பலில் சூரியனின் உயரத்தை அளக்கிற செக்ஸ்டன்ட் என்ற கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் வளைந்த அளவுகோல் ஒன்று இருக்கும். சாதாரண அளவுள்ள செக்ஸ்டன்டில் ஒரு பாகைக்குக் கிடைக்கிற இடம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். நல்ல கருவியில் அந்த ஒன்றரை மில்லிமீட்டரையும் ஆறாகப் பிரித்துக் கோடு போட்டிருப்பார்கள். ஒரு பாகைக்கு அறுபது கலை. ஒரு கலை பிசகினால் கடலில் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர், தள்ளிப் போய்விடுவோம். அப்படிப்பட்ட கோட்டின் மேல் தேங்காய் நாரை வைக்கலாமா?

பாகை, கலை என்று சொன்னதும் கணக்கு வகுப்பு ஞாபகம் வந்து வானொலியை அணைத்துவிடாதீர்கள். இன்று இரவு மொட்டைமாடிக்குப் போங்கள். வலது கையை முழுசாக நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடியுங்கள். முட்டியின் கீழ் விளிம்பிலிருந்து மேல் விளிம்பு வரை ஏறக்குறைய பத்துப் பாகை. நாகப்பட்டினம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பதினோரு பாகைக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கிறது. அதனால் நாகையில் நின்று வடக்கே பார்த்தால், துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் ஒரு முட்டி உயரத்தில் நிற்கும். சென்னையில் ஒரு முட்டியோடு இரண்டு விரல் சேர்த்துக்கொள்ள வேண்டும். கன்னியாகுமரியில் ஒரு முட்டிக்கும் கீழே. ஊரின் பெயரைச் சொல்லாமலே எந்த ஊர் என்று அந்த நட்சத்திரம் சொல்லிவிடும்.

இதை வைத்துத்தான் அரபுக் கடலோடிகளும் நம் பக்கத்துக் கடலோடிகளும் கப்பல் ஓட்டினார்கள். அவர்களிடம் இருந்தது ஒரு சின்னப் பலகை, அதன் நடுவிலிருந்து ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். அரபியில் அதற்கு கமால் என்று பெயர். லட்சத்தீவுப் பக்கம் ராப்பலகை என்பார்கள். முடிச்சைப் பல்லில் கடித்துக் கயிற்றை இழுத்துப் பிடித்தால், பலகையின் கீழ் விளிம்பு அடிவானத்தையும் மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்தையும் தொட வேண்டும். தொட்டால், அந்த முடிச்சுக்குரிய துறைமுகத்துக்கு நேர் கிழக்கிலோ நேர் மேற்கிலோ இருக்கிறோம் என்று அர்த்தம். அப்புறம் நேராகப் போக வேண்டியதுதான்.

நான் ஒன்று செய்து பார்த்தேன். 5 சென்டிமீட்டர் உயரப் பலகை. நாகைக்கு 26 சென்டிமீட்டரில் ஒரு முடிச்சு, சென்னைக்கு 22 சென்டிமீட்டரில் ஒன்று. மீனவ நண்பர் ஒருவரின் படகில் நாகைக் கரையை விட்டு விலகிப் போனோம். நிலா வெளிச்சத்தில் அடிவானம் தெளிவாகத் தெரிந்தது. முதல் முடிச்சைக் கடித்துப் பிடித்தேன். நட்சத்திரம் பலகையின் மேல் விளிம்பில் வந்து உட்கார்ந்தது. நண்பரிடம் கொடுத்தேன், அவருக்கும் அப்படியே உட்கார்ந்தது. சென்னைக்கும் நாகைக்கும் நடுவே இருக்கிற இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம், கயிற்றில் நான்கு சென்டிமீட்டர்தான். என் அலமாரியில் இருக்கிற எந்தப் பித்தளைக் கருவியும் அந்த இரவு தந்த சந்தோஷத்தைத் தந்ததில்லை.

சரி, பித்தளைக்கு வருகிறேன். துலக்காதீர்கள் என்று சொன்னேன் அல்லவா, அதற்குத் தஞ்சாவூர்க் கதை ஒன்று இருக்கிறது. எங்கே பேசப் போனாலும் இதைச் சொல்லாமல் நான் வந்ததில்லை.

வில்லியம் லாம்டன் என்ற அளவையாளர் 1802இல் பரங்கிமலையருகே ஏழரை மைல் நீளத்துக்கு நிலத்தைச் சங்கிலியால் அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய வேலைக்கு அதுதான் தொடக்கம். கோணம் அளக்க அவருக்கு லண்டனில் வில்லியம் கேரி என்பவர் ஒரு தியோடலைட் செய்து அனுப்பினார். அரை டன் எடை. கோணக் கோடுகள் பொறித்த அதன் கிடைவட்டம் மட்டும் மூன்று அடி அகலம். வழியில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியில் இருப்பது அறிவியல் கருவி என்று தெரிந்ததும், போர்க்காலத்திலும் மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள்.

1808இல் அந்தக் கருவி தஞ்சாவூருக்கு வந்தது. காவிரிப் படுகையைப் பார்த்திருப்பீர்கள். சமதரை, எங்கு பார்த்தாலும் தென்னையும் பனையும். தூரத்தில் இருக்கிற அடையாளம் தெரிய வேண்டுமானால் மரங்களுக்கு மேலே ஏற வேண்டும். ஏறுவதற்குக் கோயில் கோபுரங்கள்தான் இருந்தன. பெரிய கோயிலின் மேலே அரை டன் கருவியைக் கயிறு கட்டி இழுத்தார்கள். பாதியில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் போய் மோதியது, வட்டம் நெளிந்துவிட்டது. கோணத்தை நொடிக் கணக்கில், அதாவது ஒரு கலையின் அறுபதில் ஒரு பங்கு அளவுக்கு, அளக்கிற வட்டம் நெளிந்தால் அது வெறும் உலோகம்தான்.

இங்கிலாந்துக்கு எழுதி இன்னொன்று வரவழைக்க வருடக்கணக்கில் ஆகும். லாம்டன் காத்திருக்கவில்லை. நெளிந்த கருவியைத் தனித்தனியாகப் பிரித்தார். பெரிய தட்டைப் பலகை ஒன்றில் வட்டம் இருக்க வேண்டிய சரியான அளவை வரைந்துகொண்டார். ஆப்பும் திருகாணியும் கப்பியும் வைத்து, நெளிந்த வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரே நாளில் இல்லை, ஆறு வாரம். அப்புறம் அதே கருவி பல வருடங்கள் அளந்தது. இன்று டேராடூனில் இந்திய நில அளவைத் துறையிடம் இருக்கிறது.

யாராவது ஒரு புண்ணியவான் அந்தக் கருவியைப் புதுசாக்குகிறேன் என்று உருக்கி வார்த்து மெருகேற்றியிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? அழகான ஒரு வட்டம். அந்த ஆறு வாரம் போயிருக்கும். உங்கள் வீட்டுத் திசைகாட்டியிலும் அப்படி ஒரு ஆறு வாரம் இருக்கலாம். என்னிடம் உள்ள ஒரு செக்ஸ்டன்ட் குஜராத்தின் அலங்கில் உடைத்த கப்பலிலிருந்து வந்தது. கைப்பிடியில் கட்டைவிரல் படுகிற இடத்தில் மட்டும் பூச்சு தேய்ந்திருக்கிறது. பெட்டி மூடியின் உள்பக்கம் யாரோ ஒரு மாலுமி பென்சிலால் தேதி போட்டு, கருவியின் பிழை எத்தனை கலை என்று வரிசையாக எழுதியிருக்கிறார். அதனால்தான் பெட்டியைத் தனியாக விற்காதீர்கள் என்கிறேன். மெல்லிய துணியால் தூசியைத் துடையுங்கள், போதும். புளி வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், கடையில் விற்கிற பாலிஷும் வேண்டாம்.

வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நான் முதன்முதலில் காசு சேர்த்து வாங்கிய செக்ஸ்டன்டில் 'கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917' என்று பொறித்திருந்தது. பளபளவென்று இருந்தது. விற்றவர் போர்க்கப்பலில் இருந்தது என்றார். அந்தப் பெயரில் நிறுவனமே 1940களில்தான் உருவானது என்று பின்னால் படித்தபோது இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ரூர்க்கியில் இவற்றை அலங்காரப் பொருளாகச் செய்கிறார்கள், கைத்திறனில் குறை சொல்ல முடியாது. அலங்காரம் என்று சொல்லி விற்றால் தவறே இல்லை. பழையது என்று சொன்னால் மட்டும் கோடுகளைப் பாருங்கள். கோடு தடியாக, எண்கள் அச்சடித்தது போல அமுங்கியிருந்தால் தள்ளிவையுங்கள். நட்சத்திர வாய் வைத்த திருகாணி 1930களில்தான் பரவியது, அதையும் பாருங்கள்.

கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். கப்பல் கடிகாரமான க்ரோனோமீட்டர் பற்றி நிறையக் குறித்து வைத்திருந்தேன். ஒரே ஒரு கணக்கு மட்டும். பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம். சென்னை கிரீனிச்சுக்குக் கிழக்கே எண்பது பாகைக்குச் சற்று மேல். நான்கால் பெருக்கினால் ஐந்து மணி இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். பழைய 'மெட்ராஸ் டைம்' கிரீனிச்சை விட 5 மணி 21 நிமிடம் முன்னே ஓடியது அதனால்தான்.

நூறு வருடம் தாண்டிய கருவியை வெளிநாட்டுக்கு விற்க 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடம் தராது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு அனுப்ப நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். கடைசியாக, இருட்டில் ஒளிரும் பழைய திசைகாட்டிகளில் ரேடியம் பூசியிருக்கலாம். ஒளி எப்போதோ மங்கியிருக்கும், ஆனால் ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும். கண்ணாடியைக் கழற்றாதீர்கள், குழந்தைகள் விளையாடக் கொடுக்காதீர்கள். வணக்கம்.